சீவல் வெளியே வரட்டும்

(தஞ்சாவூரில் பாலிடெக்னிக் மாணவர்களும் லேத்துப் பட்டறைக்காரர்களும் விவசாயிகளும் கலந்திருந்த ஓர் அவையில் பேசியதன் எழுத்து வடிவம்)



என் தலைப்பைக் கேட்டு வீட்டிலேயே சிரித்தார்கள். கடினமாக்கிய எவர்சில்வரில் சின்னதாக, ஆழமாக ஓட்டை போடுவது பற்றிப் பேசப் போகிறேன் என்றால், குறுவை அறுப்பு நேரத்தில் அதைக் கேட்க யார் வருவார்கள் என்று கேட்டார்கள். வந்திருக்கிறீர்கள். பாதிப் பேர் இடைவேளைக் காபிக்காக வந்திருந்தாலும் எனக்கு வருத்தமில்லை. காபியிலிருந்தே தொடங்குகிறேன்.

கும்பகோணத்துக் காபி பில்டரின் மேல் டம்ளரைக் கவிழ்த்துப் பாருங்கள். அடித்தட்டு முழுக்கப் பொடித்துளைகள். அவற்றை யாரும் டிரில் போட்டு எடுக்கவில்லை. மெல்லிய தகட்டின் மேல் பஞ்ச் வைத்து அடித்தால் முடிந்தது. துளையின் அகலம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் ஆழமும். அப்படிப்பட்ட துளையில் சங்கடம் ஒன்றுமில்லை.

பட்டறையில் ஆழத்தை மில்லிமீட்டரில் மட்டும் சொன்னால் போதாது. “எத்தனை டயா?” என்று கேட்போம். 10 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 30 மில்லிமீட்டர் ஆழம் என்றால் மூன்று டயா. முதல் மாதம் வேலைக்கு வந்த பையன் போட்டுவிடுவான். ஐந்தைத் தாண்டினால் கவனம் வேண்டும். பத்தைத் தாண்டினால் அது வேறு தொழில். இன்று நான் சொல்லப்போகும் துளைக்கு விட்டம் ஒன்றரை மில்லிமீட்டர், ஆழம் 60. நாற்பது டயா. தென்னை ஈர்க்கின் நுனிப்பக்கம் நுழையும், அவ்வளவுதான்.

நாற்பது என்றதும் மலைக்க வேண்டாம். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையில் ஆடுதுறை பக்கம் இருக்கிற நரசிங்கம்பேட்டையில் நீளத் துளை போடுவதையே குலத்தொழிலாக வைத்திருக்கிறார்கள். நாகசுரத்தின் மரக்குழலுக்கு உலவு என்று பெயர். ஆச்சா மரத்தைக் கடைசல் பிடித்து, கம்பி போன்ற நீளமான துளைப்பான்களை மெல்லியதில் தொடங்கிப் பருத்தது வரை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தி, ஊதும் சீவாளிப் பக்கம் குறுகியும் அடியில் அணசுப் பக்கம் விரிந்தும் போகும் கூம்புத் துளையை எடுக்கிறார்கள். 2022இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) காலத்துக்கு முன் எல்லோரும் ஊதியது குட்டையான, உச்ச சுருதித் திமிரி. அவருக்குத் தணிந்த சுருதி வேண்டியிருந்தது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளமான பாரி நாகசுரத்தைச் செய்து கொடுத்தார். வித்வான் கேட்டது சுருதி. ஆசாரி மாற்றியது துளையின் நீளத்தையும் விரிவையும்.

அந்த மரத்தைப் பற்றி ஒரு செய்தி. புதிதாக வெட்டிய மரத்தை அவர்கள் தொடுவதில்லை. பழைய வீடு இடிக்கிற இடத்தில் உத்தரமாகவும் தூணாகவும் கிடந்து, ஈரமெல்லாம் வற்றிப்போன ஆச்சாவைத் தேடி வாங்குகிறார்கள். பச்சை மரத்தில் துளைத்தால் காயும்போது முறுக்கிக்கொள்ளும், துளையும் கூடவே கோணும். மரம் முதிர்ந்த பிறகுதான் துளை. உருக்கில் இது தலைகீழ்: அது முதிர்வதற்கு முன்பே துளைத்துவிட வேண்டும். இந்த வரிசை தெரியாமல் நான் பட்ட பாட்டைப் பிறகு சொல்கிறேன்.

தஞ்சாவூரிலேயே இருக்கிற பெரிய துளையை விட்டுவிட்டுப் போக முடியாது. கீழவாசல் பீரங்கி மேட்டில் கிடக்கிறதே ராஜகோபால பீரங்கி, நாயக்கர் காலத்தது. அதன் வாய்க்குள் சின்னப் பிள்ளை ஒன்று தாராளமாகப் புகுந்து உட்காரலாம். அந்தத் துளையை யார் குடைந்தார்கள்? யாருமே குடையவில்லை. நீள இரும்புப் பட்டைகளைப் பீப்பாய்ப் பலகைபோல் வட்டமாக நிறுத்தி, காய்ச்சிய இரும்பு வளையங்களை மேலே கோத்து அடித்து இறுக்கியிருக்கிறார்கள். துளையைச் சுற்றிப் பீரங்கியைக் கட்டினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். மாணவர்களுக்குச் சொல்கிறேன்: டிராயிங்கில் ஆழமான துளையைப் பார்த்ததும் டிரில்லைத் தேடாதீர்கள். இதைக் குடையாமல் செய்ய வழியுண்டா என்று அரை மணி நேரம் உட்கார்ந்து யோசியுங்கள். குழாயாகவே வாங்க முடியுமா, இரண்டு பாதியாகச் செய்து சேர்க்க முடியுமா என்று பாருங்கள். எங்கள் கணக்கில் அந்த அரை மணிதான் லாபம்.

இனி எவர்சில்வருக்கு வருவோம். இந்த உலோகமே ஒரு துளையின் கதையில் பிறந்ததுதான். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தில் ஹாரி பிரியர்லி என்று ஓர் உலோக ஆய்வாளர். துப்பாக்கிக் குழலின் உட்புறம் சுடச்சுட அரித்துப்போகிறது, அதற்கு வழி பாருங்கள் என்று அவரிடம் வேலை கொடுத்தார்கள். 1913இல் குரோமியம் சுமார் 13 சதவீதம் கலந்த உருக்கு ஒன்றை வார்த்தார். நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக அமிலத்தில் நனைத்தால் அரிக்கவே மாட்டேன் என்றது. துப்பாக்கிக் குழலுக்குத் தேடியது சாப்பாட்டு மேசைக் கத்திக்குப் போய்ச் சேர்ந்தது. நம் சமையலறைப் பாத்திரம் அதே குடும்பத்தின் இன்னொரு கிளை. அதில் நிக்கலும் சேரும், அதை ஜெர்மனியில் குருப் நிறுவனத்தார் ஏறக்குறைய அதே காலத்தில் கண்டார்கள். துப்பாக்கிக் குழலுக்காகப் பிறந்த ஆழத்துளைக் கருவிக்கு இன்றும் ‘கன் டிரில்’ என்றே பெயர். திருச்சியில் 1965இல் கொதிகலன் ஆலையும் 1966இல் துப்பாக்கித் தொழிற்சாலையும் வந்தபிறகு, டெல்டாப் பையன்கள் பலருக்கு வயலும் வரப்பும் போய் மைக்ரோமீட்டர் கைக்கு வந்தது. துவாக்குடித் தொழிற்பேட்டையில் ஷெட்டு ஷெட்டாகச் சின்னப் பட்டறைகள் முளைத்தன. அப்படி ஒரு ஷெட்டில்தான் நான் வேலை கற்றேன்.

எவர்சில்வர் இரண்டு விதமாகக் கடினப்படும். இதைக் கலந்து குழப்பிக்கொள்வதால்தான் டிரில்கள் உடைகின்றன.

முதல் வகை, சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்குவது. கத்திக்கும் பேரிங்குக்கும் போகிற 420, 440சி போன்றவை இதில் சேரும். 440சி சாதாரண நிலையில் ஓரளவு மென்மையாகவே இருக்கும். ஹார்டனிங் முடிந்தால் ராக்வெல் கடின அளவில் 58ஐ ஒட்டி நிற்கும். நம் ஹைஸ்பீடு டிரில்லே 65 பக்கம்தான். இரண்டுக்கும் ஏழெட்டுப் புள்ளிதான் வித்தியாசம். பச்சைக் கத்தரிக்காயைக் கத்தியால் நறுக்கலாம். கத்தியைக் கத்தியால் நறுக்க முடியுமா?

இரண்டாவது வகை இன்னும் வேடிக்கையானது. சமையலறை எவர்சில்வரான 304ஐ நீங்கள் எவ்வளவு காய்ச்சித் தண்ணீரில் போட்டாலும் கடினமாகாது. ஆனால் அமுக்கினால், தேய்த்தால், வளைத்தால் அந்த இடம் மட்டும் இறுகும். வீட்டில் சோதித்துப் பாருங்கள். நல்ல 304 டம்ளரின் தட்டையான அடியில் காந்தத்தை வைத்தால் ஒட்டாது. மடக்கி வளைத்த விளிம்பிலோ ஆழமாக இழுத்த மூலையிலோ வைத்தால் லேசாக இழுக்கும். வளைத்த வேகத்தில் அங்கே உலோகத்தின் உள்ளமைப்பே மாறி, காந்தம் பிடிக்கிற, கடினமான ஒன்றாகிவிட்டது. டிரில் முனையின் அடியிலும் இதேதான் நடக்கிறது. வெட்டாமல் ஒரு நொடி தேய்த்தால் போதும், துளையின் அடித்தளம் கண்ணாடி மாதிரி பளபளக்கும். அதற்குமேல் அந்த டிரில் இறங்காது. பொருள் பட்டறைக்கு மிருதுவாகத்தான் வந்தது. பயந்து பயந்து அமுக்கிக் கடினமாக்கியது நாம்தான்.

இதில் சூடும் சேர்ந்துகொள்கிறது. வெப்பத்தைக் கடத்துவதில் 304 சாதாரண இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். எவர்சில்வர் கரண்டியைக் குழம்பில் விட்டாலும் பிடி சீக்கிரம் சுடாது என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். துளைக்குள் அதே குணம் எதிரியாகிறது. பிறந்த சூடு பொருளுக்குள் பரவாமல் டிரில்லின் முனையிலேயே தங்கிவிடும்.

நான் புதுசாகச் சேர்ந்த நாட்களில் 304இல் மூன்று மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டுக்கொண்டிருந்தேன். முனை உடையுமோ என்ற பயத்தில் கைப்பிடியை மெல்ல மெல்லச் சுற்றினேன். பின்னால் வந்து நின்ற மேஸ்திரி, “என்னடா தம்பி, அவனுக்குக் கால் பிடிச்சு விடுறியா?” என்றார். நான் முழித்தேன். “டிரில்லு உள்ள போறதையே பாக்காதடா. சீவல் வெளிய வருதான்னு பாரு. அது நின்னுச்சுன்னா நீயும் எடுத்துடு” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். முப்பத்தைந்து வருடத்தில் நான் படித்த எந்தப் புத்தகமும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லவில்லை.

இங்கே இருக்கிற விவசாயிகளுக்கு இது புதிதில்லை. ஃபில்டர் பாயின்ட் இறக்குவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் கொல்லையில் போர் போட்டபோது நான் சிறுவன். குழாய் வழியே தண்ணீர் உள்ளே போகும், மணலும் சேறும் வெளியே பொங்கி வரும். வெளியே வருகிற மண்ணைக் கையில் தேய்த்துப் பார்த்தே போர்க்காரர், “களி முடிஞ்சுது, பொடிமணல் வந்தாச்சு” என்பார். தண்ணீர் நின்றால் குழாய் பிடித்துக்கொள்ளும். அப்புறம் நான்கு பேர் தொங்கினாலும் அசையாது. இரும்பில் போடுகிற ஆழத்துளையும் அதுபோல ஒரு சின்ன போர்தான்.

கன் டிரில் செய்வதும் இதையே. நாம் வழக்கமாகப் பார்க்கிற முறுக்கு டிரில்லில் சீவல் இரண்டு பள்ளங்களில் சுற்றிச் சுற்றி ஏற வேண்டும். ஆழம் கூடக்கூட வழியில் நெரிசல். கன் டிரில்லுக்கு வெட்டும் விளிம்பு ஒன்றுதான், நேரான பள்ளமும் ஒன்றுதான். உடம்புக்குள்ளேயே துளை விட்டு எண்ணெயை அழுத்தத்தோடு முனைக்கு அனுப்புவார்கள். அது திரும்பி வரும்போது சீவலை அந்த நேர்ப்பள்ளத்தில் அடித்துக்கொண்டு வரும். ஒரு பக்கம் மட்டும் வெட்டுவதால் எதிர்ப்பக்கம் துளையின் சுவரில் சாய்ந்துகொண்டு போகும். தான் போட்ட துளையே அதற்குத் தாங்கல். நூறு டயாவுக்கு மேலும் அதனால் போக முடிகிறது. எங்கள் ஷெட்டில் அந்த மெஷின் கிடையாது. இருந்ததெல்லாம் ஒரு பழைய லேத்து, ஒரு பெஞ்ச் டிரில், ஓர் எண்ணெய்க் கேன்.

அந்த நிலையில்தான், தொண்ணூறுகளின் நடுவில், 200 பின்கள் வந்து இறங்கின. 440சி. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒன்றரை மில்லிமீட்டரில் எண்ணெய்த் துளை, 60 மில்லிமீட்டர் ஊடே போக வேண்டும். அனுப்பியவர்கள் பின்களை ஹார்டனிங் முடித்து, கிரைண்டிங்கும் முடித்து, பெட்டியில் அடுக்கிய பிறகுதான் துளை விட்டுப்போனதைக் கவனித்திருக்கிறார்கள். எங்கள் முதலாளி விலையைப் பார்த்தார், கடினத்தைப் பார்க்கவில்லை. முதல் நாள் பதினொரு கோபால்ட் டிரில் போயிற்று. துளை ஒன்றுகூட இல்லை. மறுநாள் கார்பைடு டிரில் வாங்கி வந்தோம். கார்பைடுக்கு வெட்டும் பலம் உண்டு, வளையும் குணம் கிடையாது. மூன்று மில்லிமீட்டர் இறங்கியதும் டிக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டவர்களுக்குத் தெரியும், அடிவயிற்றில் விழும்.

முனை உள்ளே உடைந்துவிட்டால் அதை எதனால் குடைந்து எடுப்பது? அதைவிடக் கடினமானது கையில் இல்லையே. அப்போதுதான் ஒருவர், “அண்ணே, கோயம்புத்தூர்ல பொறி வச்சே ஓட்டை போடுறாங்களாம்” என்றார்.

பொறி என்றால் மின்பொறி. நம் ஊர் ஆயில் எஞ்சின் ஓட்டியவர்கள் எல்லோருக்கும் நாசில் தெரியும். அதன் முனையில் முடிபோன்ற துளைகள், கால் மில்லிமீட்டர் அளவில். புகை கக்கினால் கழற்றி, மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் பண்ணுவோம். அந்தத் துளைகளைப் போடுவதற்குப் பரவலாகப் பயன்படுவது மின்பொறி முறைதான். சோவியத் நாட்டில் லாசரென்கோ என்ற கணவனும் மனைவியும் 1943 வாக்கில் கண்ட வழி. சுவிட்சின் முனைகள் பொறி பட்டுத் தேய்ந்து குழிவதைத் தடுக்க ஆராய்ந்தவர்கள், தடுக்க முடியாத தேய்மானத்தையே கருவியாக்கிவிட்டார்கள். ஆழத்துளைக்கான மெஷினில் பித்தளைக் குழாய் ஒன்று சுழன்றபடி இறங்கும். அது பொருளைத் தொடுவதே இல்லை. இடையில் தாவும் பொறி ஒவ்வொன்றும் இம்மியளவு உலோகத்தை உருக்கிவிடும். குழாயின் உள்ளே அழுத்தத்தோடு வரும் தண்ணீர் உருகிய துகளை அடித்து வெளியேற்றும். பார்த்தீர்களா, இங்கேயும் தண்ணீர் உள்ளே, கசடு வெளியே. பொறிக்கு ராக்வெல் 58ம் ஒன்றுதான், 20ம் ஒன்றுதான். மின்சாரம் கடத்தினால் போதும்.

மஞ்சப் பையில் பின்களைக் கட்டிக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் கோயம்புத்தூர் போனேன். ஒரு துளைக்குச் சில நிமிடம். இரண்டு நாள் அங்கேயே கிடந்து 200ஐயும் முடித்துக்கொண்டு வந்தேன். குழாயும் பொறியில் தேய்ந்துகொண்டே வரும். துளைக்கு ஆன கூலியில் பித்தளைக்கும் ஒரு பங்கு உண்டு. இதற்கு ஒரு குறையும் இருக்கிறது. துளையின் சுவரில் உருகி மறுபடி உறைந்த மெல்லிய தோல் ஒன்று படியும். அதில் நுண்ணிய வெடிப்புகள் இருக்கலாம். எண்ணெய் போகிற துளைக்கு அது பரவாயில்லை. அடிபட்டு அதிர்ந்துகொண்டே இருக்கும் பாகமென்றால் அந்தத் தோலை உராய்ந்து எடுக்காமல் விடக்கூடாது. சூடே இல்லாமல் உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தி உலோகத்தைக் கரைத்தெடுக்கும் வழியும் உண்டு. மின்வேதியியலுக்கென்றே 1953இல் திறந்த மத்திய ஆய்வுக்கூடம் பக்கத்தில் காரைக்குடியில் இருக்கிறது. அந்த வழியில் ஆர்வமுள்ள மாணவர்கள் தொலைவு போக வேண்டாம்.

அடுத்த முறை அதே பின்களுக்கு ஆர்டர் வந்தபோது, கம்பியாகவே கொடுங்கள், துளை போட்ட பிறகு ஹார்டனிங் அனுப்புங்கள் என்று கெஞ்சிக் கேட்டு வாங்கினோம். இப்போது பொருள் மென்மை. ஆனாலும் நாற்பது டயா நாற்பது டயாதான். டிரில்லின் விட்டம் பாதியானால் அதன் விறைப்பு பதினாறில் ஒரு பங்காகும். நீளம் இரட்டித்தால் எட்டில் ஒன்று. ஒன்றரை மில்லிமீட்டரில் நீள டிரில் என்பது ஏறக்குறைய புல். அதனால் முதலில் குட்டை டிரில்லால் இரண்டு மூன்று டயா ஆழத்துக்கு வழித்துளை போட்டோம், நீள டிரில்லைவிட 0.02 மில்லிமீட்டர் பெரிதாக. நீள டிரில்லை அந்தத் துளைக்குள் நுழைத்த பிறகே வேகம் ஏற்றுவோம். வெளியில் சுழலவிட்டால் சவுக்குபோல் வீசி உடைந்துபோகும். பின்னை லேத்தில் சுழலவிட்டு டிரில்லை அசையாமல் பிடித்தோம். டிரில் சுழல்வதைவிடப் பொருள் சுழன்றால் துளை நடுவை விட்டு விலகுவது குறையும்.

வேகக் கணக்கு வேண்டுபவர்களுக்குச் சொல்கிறேன். நிமிடத்துக்கு 12 மீட்டர் வெட்டு வேகம் வைத்தால் இந்த விட்டத்துக்கு 2,500 சுற்றை ஒட்டி வரும். சுற்றுக்கு 0.02 மில்லிமீட்டர் இறக்கினால் நிமிடத்தில் 50 மில்லிமீட்டர். ஆக 60 மில்லிமீட்டரை ஒன்றேகால் நிமிடத்துக்குள் முடித்திருக்க வேண்டும். எங்களுக்கு ஒரு துளைக்கு எட்டு நிமிடம் ஆனது. மீதி நேரமெல்லாம் சீவலுக்கு. அரை டயா, ஒரு டயா இறங்குவது, வெளியே எடுப்பது, பிரஷ்ஷால் துடைப்பது, எண்ணெய் தொட்டு மறுபடி நுழைப்பது. எடுக்கும்போது விருட்டென்று எடுக்க வேண்டும். இறக்கும்போது அடித்தளத்துக்கு மேல் மயிரிழை தூரம் வரை விருட்டென்று போய், அங்கிருந்து தயங்காமல் வெட்ட வேண்டும். தயங்கினால் என்ன ஆகும் என்று முன்பே சொன்னேன். எண்ணெய்க்கு நாங்கள் கண்டதையும் போட்டுப் பார்த்தோம், தேங்காய் எண்ணெய் உட்பட. கடைசியில் கந்தகம் சேர்ந்த கட்டிங் ஆயில்தான் நின்றது. ஆனால் தேங்காய் எண்ணெய் விட்ட நாட்களில் ஷெட்டு முழுக்க முறுக்கு சுட்ட வாசனை வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும்.

முக்கியமாக, வெளிவிட்டத்தைக் கொஞ்சம் பருமனாகவே விட்டுவைத்தோம். ஹார்டனிங் போய்வந்ததும் பின் லேசாக வளையும், துளை எங்காவது ஒதுங்கும். பிறகு துளையின் இரண்டு வாயையும் சென்டராக வைத்து வெளிப்புறத்தைக் கிரைண்ட் செய்தோம். துளை நடுவுக்கு வரவில்லை என்றால், நடு துளைக்கு வரட்டும் என்று விட்டுவிட்டோம்.

பேச்சு முடிகிறது, காபி வந்துகொண்டிருக்கிறது. அந்தக் காலத்துப் பின்களில் மூன்றை எடுத்து வந்திருக்கிறேன், கைமாற்றி அனுப்புங்கள். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒரு கண்ணால் பாருங்கள். முதலாவதில் முழு வட்டம் தெரியும். அதை வைத்துத் துளை நடுவில்தான் போகிறது என்று முடிவு செய்துவிடாதீர்கள், சாய்ந்து போன நேர்த்துளையும் முழு வட்டம்தான் காட்டும். இரண்டாவதில் பிறை மாதிரி ஒரு கீற்று தெரியும், அது உள்ளே வளைந்த துளை. மூன்றாவதை எவ்வளவு திருப்பினாலும் வெளிச்சம் வராது. கண்ணை வருத்திக்கொள்ள வேண்டாம், டிரில் முனை இன்னும் உள்ளேதான் இருக்கிறது.